ஆறு மாதக் கணக்கும் ஒரு வீட்டின் மூன்று தபால் வாக்குகளும்

வாசகர் கேள்வி: எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் காலமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடந்தே தீரும் என்று சிலரும், ஒரு வருடம்கூட இழுக்கும் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி? என் மாமியாருக்கு 86 வயது. வீட்டுக்கே வந்து வாக்கு வாங்குவார்களாமே, அதற்கு எப்போது, யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்? நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. சென்ற பொதுத் தேர்தலில் பணிக்குப் போனபோது தபால் வாக்கு அளித்தேன். உறுதிமொழிப் படிவத்தில் எங்கள் தலைமையாசிரியர்தான் கையெழுத்திட்டார். அது எண்ணப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? ராதாபுரம் கதையைச் சொல்லிப் பள்ளியில் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். என் கணவரின் தம்பி ராணுவத்தில் இருக்கிறார். மகன் துபாயில் வேலை பார்க்கிறான். இவர்கள் இருவரும் வாக்களிக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

வருவாய்த் துறையில் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சில தேர்தல்களில் உதவித் தேர்தல் நடத்தும் அலுவலராகத் தபால் வாக்கு மேசையைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமான தபால் வாக்கு இருப்பதால், உங்கள் கடிதம் ஏறக்குறைய ஒரு பயிற்சி வகுப்புக்கான கேள்வித்தாள் போலவே வந்திருக்கிறது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் வாக்குப்பதிவு நாளைத்தான் காலண்டரில் வட்டமிடுகிறார்கள். தபால் வாக்குக்காரர்கள் வட்டமிட வேண்டியது அரசிதழில் தேர்தல் அறிவிக்கை வெளியாகும் நாளை. உங்கள் வீட்டில் கொடுக்க வேண்டிய ஒவ்வொரு படிவத்தின் கெடுவும் அந்த நாளோடுதான் ஏதோ ஒரு வகையில் கட்டுண்டிருக்கிறது.

முதலில் ஆறு மாதக் கணக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இல் 151-ஏ என்றொரு பிரிவு 1996-இல் சேர்க்கப்பட்டது. காலியிடம் ஏற்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். இறப்பால் வந்த காலியிடம் என்றால் இறந்த நாளும், விலகல் என்றால் அவைத்தலைவர் அதை ஏற்றுக்கொண்ட நாளும் கணக்கின் தொடக்கம். ஆகவே உங்கள் ஊரில் முதல் அணி சொல்வது சட்டத்தின் பொது விதி. ஆனால் அதே பிரிவிலேயே இரண்டு விலக்குகள் இருக்கின்றன. இறந்த அல்லது விலகிய உறுப்பினரின் எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் இடைத்தேர்தல் தேவையில்லை என்பது ஒன்று. அந்தக் காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்றளித்தால் தள்ளிப் போகலாம் என்பது மற்றொன்று.

எஞ்சிய காலம் ஓராண்டுக்கு மேலா கீழா என்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். காலியிடம் ஏற்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். இடைத்தேர்தலில் வென்று வருபவருக்கு எத்தனை மாதம் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. மகாராஷ்டிரத்தின் பண்டாரா-கோண்டியா மக்களவைத் தொகுதி தொடர்பான வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டில் இந்த விதி வேலை செய்த விதம் வேடிக்கையானது. அப்போதைய மக்களவையின் ஆயுள் 2019 ஜூன் 3 வரை. கர்நாடகத்தில் பெல்லாரி, ஷிமோகா, மண்டியா ஆகிய மூன்று இடங்கள் 2018 மே மாதத்தில் காலியாயின. எஞ்சியது ஓராண்டுக்குச் சில நாட்கள் அதிகம் என்பதால் அங்கே 2018 நவம்பரில் இடைத்தேர்தல் நடந்தது, வென்றவர்களுக்குக் கிடைத்ததோ சில மாதங்கள். ஆந்திராவின் ஐந்து உறுப்பினர்களின் விலகல் ஜூன் 20 அன்று ஏற்கப்பட்டது. ஓராண்டுக்குச் சில நாட்கள் குறைந்துவிட்டதால் அங்கே இடைத்தேர்தலே இல்லை. ஒரு மாத இடைவெளிதான் எட்டுத் தொகுதிகளை இப்படி இரண்டாகப் பிரித்தது. உங்கள் தொகுதிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: உறுப்பினர் காலமான நாளையும், நடப்புச் சட்டமன்றம் முதன்முதலில் கூடிய நாளிலிருந்து ஐந்தாண்டு நிறைவடையும் நாளையும் ஒரு தாளில் எழுதினால் விடை தானாகத் தெரியும்.

இரண்டாவது அணி சொல்வதும் பொய்யில்லை, தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது அனுபவப் பாடம். முன்னாள் முதல்வர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று காலமானார். ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு 2017 ஏப்ரல் 12 என்று நாள் குறிக்கப்பட்டு, பணப் பட்டுவாடா புகார்களால் கடைசி நேரத்தில் ரத்தாகி, 2017 டிசம்பர் 21 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. ஓராண்டுக்கும் மேல். திருவாரூரில் மு. கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்தார்; 2019 ஜனவரி 28 என்று குறித்த தேர்தல் கஜா புயல் நிவாரணப் பணிகளைக் காரணம் காட்டித் திரும்பப் பெறப்பட்டு, ஏப்ரல் 18-க்குப் போனது. 2017 செப்டம்பர் 18 அன்று 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்ட விவகாரத்தில் உயர் நீதிமன்றமே இடைத்தேர்தல் அறிவிக்கைக்குத் தடை போட்டிருந்தது; தகுதிநீக்கம் செல்லும் என்று 2018 அக்டோபரில் முடிவானபின், 16 தொகுதிகளுக்கு 2019 ஏப்ரல் 18-இலும், அரவக்குறிச்சி, ஓட்டப்பிடாரம் ஆகிய இரண்டுக்கும் மே 19-இலும் தேர்தல் நடந்தது. அந்த இரண்டும் பிந்தியதற்குக் காரணம், அவற்றின் முந்தைய வெற்றியை எதிர்த்த தேர்தல் வழக்குகள். தோற்றவர் ‘நானே வென்றதாக அறிவிக்க வேண்டும்’ என்று கேட்டிருக்கும் வழக்கு நிலுவையில் இருக்கும்போது, அதே இடத்துக்கு இடைத்தேர்தல் நடத்தி ஒரு நாற்காலிக்கு இருவரை உட்கார வைக்கும் நிலை வந்துவிடக் கூடாது என்பதால் ஆணையம் காத்திருப்பது வழக்கம். உங்கள் தொகுதியில் அப்படி வழக்கு ஏதும் இருக்கிறதா என்று உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

கொரோனா காலத்தையும் மறந்துவிட முடியாது. திருவொற்றியூர், குடியாத்தம் ஆகிய இரண்டும் 2020 பிப்ரவரி இறுதியில் அடுத்தடுத்த நாட்களில் காலியாயின. சட்டமன்றத்துக்கு அப்போது ஓராண்டுக்கு மேல் ஆயுள் இருந்தும் 2021 பொதுத் தேர்தல் வரை இடைத்தேர்தல் நடக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, விக்கிரவாண்டியில் உறுப்பினர் 2024 ஏப்ரல் 6 அன்று காலமாகி ஜூலை 10-லேயே வாக்குப்பதிவு முடிந்தது. ஈரோடு கிழக்கில் 2023 ஜனவரி 4 அன்று ஏற்பட்ட காலியிடத்துக்கு பிப்ரவரி 27-இல், அதாவது இரண்டு மாதம்கூட நிறையாத நிலையில், தேர்தல் நடந்தது. ஆகவே நான்கு மாதம் ஆகிவிட்டது என்பதால் இனி வராது என்றும் எண்ண வேண்டாம், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று படிவ வேலையைத் தள்ளிப் போடவும் வேண்டாம்.

(சட்டமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்ற அரசியலமைப்பின் 164-ஆவது கூறு வேறு. இரண்டிலும் ‘ஆறு மாதம்’ வருவதால் தேநீர்க் கடைகளில் இரண்டும் கலந்து பேசப்படுகின்றன. உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை.)

அறிவிக்கை வெளியான பிறகு நாட்கள் எப்படி ஓடும் என்பதைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு ஏறக்குறைய எண்ணியே கொடுத்துவிடுகிறது. வேட்புமனுவுக்குக் கடைசி நாள், அறிவிக்கைக்குப் பின் ஏழாம் நாள், மறுநாள் பரிசீலனை, பரிசீலனைக்குப் பின் இரண்டாம் நாள் திரும்பப் பெறுதல், அதிலிருந்து பதினான்காம் நாளுக்கு முன்னால் வாக்குப்பதிவு வைக்கக் கூடாது. ஈரோடு கிழக்கின் அடுத்த இடைத்தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி 10 அறிவிக்கை, 17 மனுவுக்குக் கடைசி, 18 பரிசீலனை, 20 திரும்பப் பெறுதல், பிப்ரவரி 5 வாக்குப்பதிவு, 8 எண்ணிக்கை. இடையில் சனி, ஞாயிறும் பொங்கல் விடுமுறைகளும் வந்ததால் மனுக் கொடுக்க 10, 13, 17 என்று மூன்றே நாட்கள் கிடைத்தன. ஏழு நாள் என்று சட்டம் சொல்வதற்கும் அலுவலகக் கதவு திறந்திருப்பதற்கும் இடையே இத்தனை வித்தியாசம் வரலாம். இந்த வித்தியாசம்தான் உங்கள் மாமியாரின் படிவத்துக்கு முக்கியம்.

வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி 2019-இல் விதித் திருத்தத்தின் மூலம் வந்தது. முதலில் வயது வரம்பு 80. 2024 மார்ச் 1 முதல் 85. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கு வயது வரம்பு கிடையாது. படிவத்தின் பெயர் 12-டி. அறிவிக்கை வெளியான நாளைத் தொடர்ந்து ஐந்து நாட்களுக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மேலே சொன்ன ஈரோடு அட்டவணையில் விதிப்படி எண்ணினால் அந்த ஐந்தாம் நாள் மாட்டுப் பொங்கல். யார் வீட்டில் அன்று படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள்? வாக்குச்சாவடி நிலை அலுவலர் தகுதியுள்ளவர்களின் வீட்டுக்கே படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்து, நிரப்பியதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. அவர் வரவில்லை என்றால் காத்திருக்காமல் நீங்களே தேடிப் போங்கள். ஆசிரியையான உங்களுக்கு அவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார்.

இங்கே ஒரு சிக்கலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மாமியாருக்கு 86 வயது என்று உங்களுக்குத் தெரியும். வாக்காளர் பட்டியலுக்குத் தெரியுமா? அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறப்புச் சான்றே கிடையாது. கணக்கெடுக்க வந்தவரிடம் வீட்டில் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வயதுதான் இன்றுவரை பட்டியலில் ஏறிக்கொண்டிருக்கிறது. வீடு வீடாகப் போகும் அலுவலர் கையில் இருப்பது பட்டியலின்படி 85 நிறைந்தவர்களின் பெயர்கள். அதில் 83 என்று பதிவாகியிருந்தால் உங்கள் வீட்டுக் கதவு தட்டப்படாது. இன்றைக்கே பட்டியலைப் பார்த்து, தவறு இருந்தால் படிவம் 8-இல் திருத்தம் கேளுங்கள். வேட்புமனுவுக்குக் கடைசி நாளுக்குப் பிறகு, தேர்தல் முடியும்வரை பட்டியலில் யாரும் கைவைக்க முடியாது. அதற்கு முன்னும் விசாரணைக்குச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால் அறிவிக்கை வரட்டும் என்று இதற்குக் காத்திருப்பது பயன் தராது.

12-டி ஏற்கப்பட்டால், வாக்குச்சாவடியில் பயன்படுத்தும் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். அதன்பிறகு ‘இன்று உடம்பு நன்றாக இருக்கிறது, நானும் சாவடிக்கே வருகிறேன்’ என்று அவர் சொன்னாலும் அங்கே வாக்களிக்க முடியாது. சிலருக்கு வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்வதே பெருமை. அவர் கருத்தைக் கேட்காமல் வீட்டார் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, வாக்குப்பதிவு அன்று பாட்டி அழுத வீடு ஒன்றை எனக்குத் தெரியும். இது கட்டாயமில்லை, விருப்பம்தான் என்பதால் முதலில் அவரிடம் கேளுங்கள்.

குழு வரும் நாள் முன்கூட்டியே தெரிவிக்கப்படும். இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், ஒளிப்பதிவாளர், காவலர் என்று வருவார்கள். வேட்பாளர்களுக்கும் பயணத் திட்டம் சொல்லப்பட்டிருக்கும் என்பதால் முகவர்களும் உடன் வரலாம். அன்று அவர் மருத்துவமனைக்கோ மகள் வீட்டுக்கோ போயிருந்தால் இன்னொரு முறை வருவார்கள், மூன்றாம் முறை கிடையாது. கண் தெரியாமலோ கை நடுங்கியோ தானே குறியிட முடியாத நிலை என்றால் வயது வந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வந்த அலுவலர்களே குறித்துக் கொடுப்பதற்கு அனுமதி இல்லை. மற்றபடி அவர் மறைவாக வாக்களிக்க நீங்கள் அந்த அறையை விட்டு வெளியே இருப்பதே முறை. வீட்டில் நடக்கிறது என்பதால் அது வீட்டு விவகாரம் ஆகிவிடாது.

இனி உங்கள் வாக்கு. தனிப்பட்ட உங்கள் உறை எண்ணப்பட்டதா என்று தெரிந்துகொள்ள வழி இல்லை, இருக்கவும் கூடாது. தொகுதிக்கான இறுதி முடிவுத் தாளான படிவம் 20-இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை தபால் வாக்கு, தள்ளப்பட்டவை எத்தனை என்ற மொத்த எண்கள் மட்டும் இருக்கும். உறைகள் முத்திரையிட்டு வைக்கப்படும். நீதிமன்ற ஆணை இல்லாமல் யாரும் பிரிக்க முடியாது.

ஆனால் எதனால் தள்ளப்படுகின்றன என்பதை மேசைக்கு அருகில் நின்றவன் என்ற முறையில் சொல்ல முடியும். உங்களிடம் வரும் கட்டில் நான்கு தாள்கள் உண்டு: வாக்குச்சீட்டு, 13-ஏ என்னும் உறுதிமொழி, 13-பி என்னும் சிறிய உறை, 13-சி என்னும் பெரிய உறை. 13-டி என்ற அறிவுரைத் தாளும் வரும். அதை யாரும் படிப்பதில்லை. வாக்குச்சீட்டு சிறிய உறைக்குள் போக வேண்டும். ஒட்டிய சிறிய உறையும் உறுதிமொழியும் தனித்தனியாகப் பெரிய உறைக்குள் போக வேண்டும். எண்ணும் நாளில் பெரிய உறையின் ஓரத்தைக் கிழித்துக் கவிழ்த்தால் இரண்டு பொருள் விழ வேண்டும். சிறிய உறை மட்டும் விழுந்தால் மேசையைச் சுற்றி நிற்கும் முகவர்கள் அனைவருக்கும் தெரியும், உறுதிமொழியும் சீட்டோடு உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கிறது என்று. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மடித்த தாளின் நிழல்கூடத் தெரியும். ஆனாலும் அந்தச் சிறிய உறையைத் திறக்க விதி இடம் கொடுக்காது. உறுதிமொழி காணப்படவில்லை என்று எழுதித் தள்ளப்பட்ட கட்டில் வைக்க வேண்டியதுதான். அறியாமல் செய்த தவறு என்று எல்லாருக்கும் தெரிந்தும் எழுத வேண்டியிருக்கும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 54-ஏ என்ற விதியின்படி முதலில் உறுதிமொழிகள் மட்டும் பார்க்கப்படும்: கையெழுத்து இருக்கிறதா, சான்றொப்பம் இருக்கிறதா, அதில் எழுதிய வாக்குச்சீட்டு வரிசை எண்ணும் சிறிய உறையின் மேலுள்ள எண்ணும் ஒன்றா. சரியானவை எல்லாம் தனிக் கட்டாகக் கட்டி முத்திரையிடப்பட்ட பிறகுதான் சிறிய உறைகள் திறக்கப்படும். பெயர் தாங்கிய தாள் ஒருபுறம் மூடப்பட்ட பின்பே வாக்கு வெளியே வருகிறது என்பதால், யார் யாருக்குப் போட்டார் என்பது மேசையில் இருப்பவருக்கும் தெரியாது. பெயரும் வாக்கும் ஒரே உறைக்குள் வந்துவிட்டால் இந்த ஏற்பாடு குலைந்துபோகும்.

சிறிய உறை திறந்த பிறகும் ஆபத்து உண்டு. யாருக்கும் குறியிடாதது, இருவருக்குக் குறியிட்டது, யாருக்கு என்று ஐயம் எழும்படி கோட்டின் மேல் குறியிட்டது, எங்கள் உறையில் அல்லாமல் வேறு உறையில் வந்தது ஆகியவை செல்லாது. வாக்களித்தவரை அடையாளம் காட்டும் எழுத்தோ குறியோ இருந்தாலும் செல்லாது. அரசு ஊழியர்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் பெரும் எமன். ஆண்டுக்கணக்காக எந்தத் தாளைக் கண்டாலும் அடியில் சுருக்கொப்பம் போட்டுப் பழகிய கை, வாக்குச்சீட்டிலும் டிக் அடித்துவிட்டுப் பக்கத்திலேயே கையெழுத்தைப் போட்டுவிடும். டிக்கா பெருக்கல் குறியா என்பதில் பிரச்சினை இல்லை. எண்ணம் தெளிவாக இருந்தால் குறி மங்கலாக இருப்பதும் இரண்டு முறை போட்டிருப்பதும்கூட மன்னிக்கப்படும். கையெழுத்துக்கு மன்னிப்பு இல்லை.

ராதாபுரத்துக்கு வருகிறேன். 2016 பொதுத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. உறுதிமொழியில் சான்றொப்பமிட்ட நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்ல என்பது சொல்லப்பட்ட காரணம். தோற்றவர் வழக்குத் தொடுத்தார். 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் 19, 20, 21 ஆகிய சுற்றுகளின் மின்னணு வாக்குகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளும் முடிந்து அடுத்த தேர்தலும் வந்துவிட்டது. தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் தலைமையாசிரியரின் கையெழுத்தைப் பற்றி இப்போது கவலைப்பட்டுப் பயனில்லை. இனி அந்த நிலையே வராது என்பதுதான் உங்களுக்கான நல்ல செய்தி. 2023-இல் செய்த திருத்தத்தின்படி, தேர்தல் பணியில் உள்ளவர்கள் தபால் வாக்குச்சீட்டை வாங்கி, குறியிட்டு, திருப்பித் தருவது வரை அனைத்தையும் வசதி மையத்திலேயே முடிக்க வேண்டும். பயிற்சி வகுப்பு நடக்கும் இடத்தில் மறைப்பும் பெட்டியும் சான்றொப்பமிட அலுவலரும் இருப்பார்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் நான்கு நாள் பீரோவில் வைத்திருந்து, கட்சிக்காரர்கள் கேட்டு வந்து நிற்பதற்கு இடம் கொடுத்த பழைய வழக்கத்துக்கு இதனால் முற்றுப்புள்ளி. சான்றொப்பமிடுபவர் தன் பெயரையும் பதவியையும் எழுதி முத்திரை வைத்தாரா என்று மட்டும் அங்கேயே பார்த்துவிடுங்கள். ஆந்திராவில் 2024-இல் இத்தகைய மைய அலுவலரின் கையெழுத்து மட்டும் இருந்து, பெயரும் முத்திரையும் இல்லாத படிவங்களை ஏற்கலாமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏற்கலாம் என்ற ஆணையத்தின் நிலையில் நீதிமன்றம் தலையிடவில்லை என்றாலும், உங்கள் வாக்கு அவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டியதில்லை.

இடைத்தேர்தலில் உங்களுக்கு இதைவிட எளிய வழியும் உண்டு. உங்கள் பெயர் இருக்கும் அதே தொகுதிக்குள்ளேயே உங்களுக்குப் பணி விழுந்தால், தபால் வாக்குக்கான படிவம் 12-ஐ விட்டுவிட்டு 12-ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று கேளுங்கள். அந்தச் சான்றோடு நீங்கள் பணிபுரியும் சாவடியிலேயே, மற்ற வாக்காளரைப் போல இயந்திரத்தில் பொத்தானை அழுத்திவிடலாம். உறையும் இல்லை, உறுதிமொழியும் இல்லை. வாக்குப்பதிவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக 12-ஏ போய்ச் சேர வேண்டும். படிவம் 12 என்றால் ஏழு நாள். பணி ஆணை கையில் கிடைத்த அன்றே கொடுத்துவிடுவது உத்தமம்.

எண்ணும் நாளில் தபால் வாக்குகள் காலை எட்டு மணிக்கு முதலில் எடுக்கப்படும். வெற்றி வித்தியாசம், தள்ளப்பட்ட தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், தள்ளப்பட்டவை அனைத்தையும் முடிவை அறிவிக்கும் முன் மறுபடி சரிபார்த்தாக வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுரை. தபால் வாக்குகள் எண்ணி முடிக்காமல் இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் மீண்டும் ஒரு கட்டுப்பாடும் வந்திருக்கிறது. நள்ளிரவில் கடைசி நேரத்தில் தபால் வாக்குகளைப் பிரித்து, வென்றவர் மாறி, மண்டபத்தில் கூச்சல் எழுவதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உங்கள் கொழுந்தனாரின் பெயர் பட்டியலின் கடைசிப் பாகத்தில், படைப்பணி வாக்காளர் பகுதியில் இருக்க வேண்டும். அவரோடு தங்கியிருக்கும் மனைவிக்கும் அதே உரிமை உண்டு. அவருக்கு வாக்குச்சீட்டு மின்னணு முறையில் போகும். அங்கே அச்செடுத்து, குறியிட்டு, படைப்பிரிவில் நியமிக்கப்பட்ட அலுவலரிடம் சான்றொப்பம் பெற்று, தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த முறை இந்தியாவில் முதன்முதலில் பயன்பட்டது ஓர் இடைத்தேர்தலில்தான்: 2016 நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பில். திரும்பப் பெறும் நாளுக்குப் பின்னரே வாக்குச்சீட்டு இறுதியாகும் என்பதால், ஈரோடு அட்டவணையில் ஜனவரி 20-க்கும் பிப்ரவரி 8-க்கும் இடையே கிடைத்தது 19 நாள்தான். முன்பு சீட்டு தபாலில் எல்லைக்குப் போய்த் தபாலிலேயே திரும்பவும் வேண்டும். இப்போது போகும் வழி ஒரு நொடியில் முடிகிறது; திரும்பும் வழி மட்டும் இன்னும் தபால்காரர் கையில். எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குப் பிறகு வரும் உறையில் வந்த நேரத்தைக் குறித்துத் திறக்காமலேயே ஒதுக்கிவிடுவோம். சீட்டு கிடைத்த மறுநாளே அனுப்பச் சொல்லுங்கள். உறுதிமொழி, சிறிய உறை, பெரிய உறை ஆகிய மூன்றிலும் உள்ள க்யூஆர் கோடு எண்ணும்போது ஸ்கேன் செய்யப்படும் என்பதால், மடிப்பு அதன்மேல் விழாமல் அச்சுத் தெளிவாக இருப்பதும் அவசியம்.

துபாயில் இருக்கும் மகனுக்குத் தபால் வாக்கு கிடையாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் படிவம் 6-ஏ மூலம் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம். ஆனால் அசல் கடவுச்சீட்டோடு நேரில் வந்துதான் வாக்களிக்க முடியும். வர நினைத்தால் விமான டிக்கெட்டை அறிவிக்கை நாளிலேயே எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். திரும்பப் பெறும் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு ஒரே ஒரு வேட்பாளர் மிஞ்சினால் வாக்குப்பதிவே இருக்காது. ஆர்.கே. நகரைப் போல அதற்குப் பிறகும் ரத்தாகலாம் என்பதால், பணத்தைத் திருப்பித் தரும் வகை டிக்கெட்டாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். தேர்தல் ரத்தாகிப் புது அறிவிக்கை வந்தால் உங்கள் மாமியாருக்கும் 12-டி புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.